சாகர் கன்யாவுக்கு இன்னும் ஓய்வில்லை

2015 டிசம்பரில் சென்னை முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது. 2023-இல் மிக்ஜாம் புயல் நம் கரையோரம் ஊர்ந்து சென்றபோது பள்ளிக்கரணை தண்ணீரில் கிடந்தது. இரண்டு முறையும் மழை வங்கக் கடலிலிருந்துதான் வந்தது. புயலுக்குத் தீனி போடும் சூடு அந்தக் கடலின் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்று செயற்கைக்கோளால் முழுதாகச் சொல்ல முடியாது. அது பார்ப்பது மேல்தோலை. உள்ளே அளக்க மிதவை வேண்டும், கப்பல் வேண்டும்.

நம்மிடம் இருக்கும் ஆய்வுக் கப்பல்களில் மூத்தவற்றில் ஒன்று 'சாகர் கன்யா'. 1983-இல் மேற்கு ஜெர்மனியில் கட்டியது. அந்தப் பெயரில் இன்று ஒரு நாடே இல்லை, கப்பல் இருக்கிறது!

அதற்கு மாற்றாகப் புதுக் கப்பல் கட்ட 2024 ஜூலையில்தான் கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். 89.5 மீட்டர் நீளம், சுமார் 840 கோடி ரூபாய், 42 மாதக் கெடு. கணக்குப் பார்த்தால் 2028 ஜனவரி. கன்யாவுக்கு அப்போது வயது 45. முடிவை வரவேற்கிறோம். தாமதத்தை மன்னிப்பதற்கில்லை.

கப்பலில் நடக்கும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். வட்டச் சட்டத்தில் கடல்நீர் பிடிக்கும் குப்பிகளை அடுக்கி, கம்பிவடத்தில் கட்டி, விஞ்ச் வைத்துக் கடலுக்குள் இறக்குவார்கள். நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் 3,000 மீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ளக் கப்பல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் விஞ்ச் மக்கர் செய்தால் அன்றைய வேலை போச்சு. நவீனக் கப்பலில் நிறுத்திவைக்கும் பொறுப்பைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

பணமில்லை என்ற சாக்கு எடுபடாது. ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-இல் 4,077 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்த அரசு இது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' வாகனத்தை நம் வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்தான் உருவாக்குகிறது. பெருமைதான். ஆனால் புகைப்படத்துக்கு நிற்கும் வேலைக்கு உடனே கிடைக்கும் கவனம், மாதக்கணக்கில் கடலில் கிடந்து தண்ணீரை அளக்கும் கப்பலுக்கு நாற்பது ஆண்டு கழித்துத்தான் கிடைக்கிறது. 2023 அக்டோபரில் சீனாவின் ஆய்வுக் கப்பல் 'ஷி யான் 6' கொழும்புக்கு வந்தபோது இங்கே எழுந்த கூச்சலில், நம் கப்பலின் வயதை எத்தனை பேர் கேட்டார்கள்? நாமும் எழுதவில்லை; அந்தக் குற்றத்தில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

கப்பலைக் கட்டிவிட்டு டீசலுக்கும் மாலுமிகளுக்கும் பணமில்லாமல் துறைமுகத்தில் கட்டிப்போடுவது இன்னொரு பாவம். ஆண்டுக்கு எத்தனை நாள் கடலில் இருக்கும், அதற்கு எவ்வளவு நிதி என்பதை இப்போதே அறிவிக்க வேண்டும். 2028 ஜனவரியைத் தாண்டும் ஒவ்வொரு மாதத்துக்கும் புவி அறிவியல் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும்.