பெரியோர் சொன்ன விடையும் பிழையாகலாம்

147573952589676412927.

இருபத்தொரு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணைக் கண்டதும் தோழியர் சிலர் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். கணக்கு என்றாலே அஞ்சும் நமக்கும் இவ்வெண் ஒரு பாடம் சொல்கிறது.

அறுபத்தேழு 2களை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைக்கும் எண் இது. பிரான்சு நாட்டுத் துறவியும் அறிஞருமான மெர்சென், 1644இல் இதை ஒரு பகா எண் என்று எழுதினார். அதாவது, 1ஆலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது தவறென்று எவரும் நிறுவவில்லை. 1876இல் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், இது பகா எண் அன்று என நிறுவினார். ஆயினும் எந்த எண்களால் வகுபடும் என்பதை அவரது முறை காட்டவில்லை.

1903இல் நியூயார்க் நகரில் கணித அறிஞர்களின் கூட்டம் நடந்தது. கோல் என்னும் பேராசிரியர் கரும்பலகை அருகே சென்றார். ஒரு சொல்லும் பேசாமல் இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். பின்பு மறுபுறத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றே! பேசாமலே சென்று அமர்ந்தார். அரங்கம் கைதட்டி மகிழ்ந்தது என்பர். இதற்காக அவர் மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டாராம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஒரு நிகழ்ச்சி. பயிற்சி நூலின் பின்பக்க விடையோடு ஒரு கணக்கு ஒத்துவரவில்லை. நாங்கள் எல்லோரும் எங்கள் விடையை அழித்துவிட்டு நூலின் விடையை எழுதிக்கொண்டோம். ஒருத்தி மட்டும் மூன்று முறை செய்து பார்த்து, தன் விடையையே வைத்திருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தோம். சிஸ்டர் சரிபார்த்தபோது அச்சுப்பிழை தெரிந்தது. அன்று தலைகுனிந்தவர்கள் நாங்கள்தான்.

பெரியோர் சொல்லைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று சிலர் கருதலாம். எங்கள் கருத்து அதுவன்று. பிழை கண்டதால் மெர்சென்னின் புகழ் குறைந்துவிடவில்லை. 2024இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் மெர்சென் எண் என்றே அழைக்கப்படுகிறது. அவர் சொன்னதை ஆராய்ந்து பார்த்தவர்களே அவர் பெயரை வாழ வைத்தார்கள்.

எனவே தோழியரே, விடை ஒத்துவராதபோது உடனே அழிப்பானைத் தேடாதீர்கள். இன்னொரு முறை செய்து பாருங்கள். பெற்றோரே, ஆசிரியைகளே, "எப்படி?" என்று நாங்கள் கேட்டால் அதை எதிர்வாதம் என எண்ணாதீர்கள்.

கோல் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். மேலே உள்ள இரு எண்களையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். நாங்கள் எழுதிவிட்டோம் என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி