மீன் தேடும் குளிர்

கடையில் 'சமன் ரின்' என்று கேட்டு நாம் வாங்குவது பெரும்பாலும் வேறு இன மீனே. உண்மையான சமன் குளிர் நாடுகளின் கடலிலும் ஆற்றிலும் ஏரியிலும் வாழ்வது. அதைப் பிடிப்போரின் அனுபவத்தில், குளத்தை அண்டி வாழும் எமக்கும் பயன்தரும் பாடமொன்று உண்டு எனக் கருதுகிறோம்.

வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1966இல் கோஹோ சமனும் 1967இல் சினூக் சமனும் விடப்பட்டு நன்கு வளர்ந்தன. கோடையில் இந்த ஏரியின் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேல்நீர் 20 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்; ஆழத்து அடிநீரோ 4, 5 பாகையிலேயே கிடக்கும். சூடான நீர் பாரம் குறைந்ததால் மேலே நிற்கிறது. இரண்டுக்கும் இடையில், சில மீற்றருக்குள் வெப்பம் சடுதியாகக் குறையும் அடுக்கொன்று உண்டு. சினூக் விரும்புவது ஏறத்தாழ 12 பாகை. ஆகவே கோடையில் அது இந்த அடுக்கை அண்டியே இரை தேடும்.

காரணம் எளிது. மீனின் உடற்சூடு நீரின் சூட்டோடு ஏறி இறங்கும். சூடு கூடினால் அதற்கு ஒட்சிசன் அதிகம் தேவை. ஆனால் 10 பாகையில் ஒரு லீற்றர் நீரில் 11 மில்லிகிராம் அளவு கரையும் ஒட்சிசன், 25 பாகையில் 8 மில்லிகிராம் அளவே கரையும்.

இளவேனிலில் மேல்நீரும் குளிராக இருப்பதால் கரையோரத்திலேயே மீன் அகப்படும். கோடை முற்றினால் ஈயக்குண்டு கட்டி, 20, 30 மீற்றருக்குத் தூண்டிலை இறக்கவேண்டி வரும். தரையிலிருந்து ஏரியை நோக்கிப் பலமாகக் காற்றடித்தால், சூடான மேல்நீர் அப்பால் தள்ளப்பட்டுக் குளிர்நீர் கரையோரம் மேலெழும். மீனும் கூடவே வரும். நேற்றைய ஆழம் இன்றைக்கு உதவாது. அதனால் அனுபவசாலி தூண்டிலுக்கு முன் வெப்பமானியை இறக்குகிறார்.

ஆழம் கைகொடுக்காத இடமும் உண்டு. ஓடும் ஆற்றில் நீர் கலந்துவிடுவதால் அடியிலும் சூடுதான். 2015 கோடையில் கொலம்பியா ஆற்று நீர் 20 பாகையைத் தாண்டியபோது ஏறத்தாழ 250,000 சொக்கை சமன்கள் மடிந்தன. இத்தகைய காலத்தில் மீன்கள் குளிர்ந்த கிளையாறுகள் வந்து சேரும் இடங்களில் ஒதுங்கும். ஒதுங்கிய மீனைப் பிடிப்பது மிக இலகு. இதனாலேயே ஓரிகன் மாநிலம் டெஷூட்ஸ் போன்ற கிளையாறுகளின் வாயில், கோடைக் காலத்தில் தூண்டில் போடுவதைத் தடைசெய்தது. அது நியாயமான முடிவென்றே நாம் கருதுகிறோம். மீன் எங்கே நிற்கும் என்று அறிந்தவனுக்கு, எப்போது அதை விட்டுவிடவேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

12 பாகைக் கணக்கு எமது குளங்களுக்குப் பொருந்தாது. திலாப்பியா சூட்டை விரும்பும் மீன். ஆனால் பார்த்து அறியும் பழக்கம் எங்கும் பொருந்தும். சொந்த ஊரை விட்டுவந்து புதிய குளக்கரையில் இருக்கும் நாம், பழைய குளத்தின் கணக்கை இங்கே போட்டுப் பார்த்து ஏமாறுகிறோம். இந்தக் குளத்தில் காலையில் மீன் எங்கே, மதியத்தில் எங்கே, காற்று மாறினால் எங்கே என்று கவனிப்போம். நெடுங்காலம் இங்கு வலை வீசுவோரிடம் கேட்போம்.

முற்றாக வற்றும் குளத்தில் எஞ்சிய மீனைப் பிடிப்பது முறையே. ஆனால் வற்றாத மடுவில் ஒதுங்கிய மீன் அடுத்த வருடத்துக்கான விதை. விதைநெல்லையும் அவித்துண்ண நேர்ந்த நாட்களை எம்மில் பலர் அறிவோம். அதற்குப் பின் வந்த போகம் எப்படி இருந்தது என்பதையும் அறிவோம்.