மூன்றாவது ஓடுபாதை யாருக்கு?

2015 டிசம்பரில் விர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் 22 கோடி பவுண்டு கடன் திரட்டியது. ஈடாக எழுதிக் கொடுத்தது விமானங்களையோ கட்டடங்களையோ அல்ல. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இன்ன நேரத்துக்கு இறங்கலாம், இன்ன நேரத்துக்குக் கிளம்பலாம் என்ற அனுமதியைத்தான். விமானத் துறையில் அதை ‘ஸ்லாட்’ என்பார்கள்.

ஓர் அனுமதி பட்டா நிலம் போல அடமானம் போவது எப்படி? ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 தடவைக்கு மேல் அங்கே விமானங்கள் ஏறி இறங்கக் கூடாது என்பது உச்சவரம்பு. அது ஏறக்குறைய நிரம்பிப் பல ஆண்டுகளாகின்றன. புதிய சேவை வேண்டுமென்றால், ஏற்கெனவே வைத்திருப்பவரிடம்தான் வாங்க வேண்டும். 2016இல் ஓமன் ஏர், தினம் ஒருமுறை வந்து போவதற்கான ஸ்லாட்டுக்குச் சுமார் 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அது அதிகாலையில் இறங்கும் நேரம். இரவு முழுக்கப் பறந்து வருபவர்கள் காலையில் இறங்கினால்தான் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியும். மாலை நேரம் கிடைத்தால் அந்த வசதி போய்விடும்.

விர்ஜின் 1984இல் ஒற்றை போயிங் 747உடன் லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கிலிருந்து பறக்கத் தொடங்கியது. ஹீத்ரோவுக்குள் நுழைய 1991 வரை காத்திருந்தது. இன்று பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதன் சகோதர நிறுவனங்களும் அங்குள்ள ஸ்லாட்டுகளில் பாதிக்கு மேல் வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனம் தன் ஸ்லாட்டை ஒரு பருவத்தில் 80 சதவீதம் பயன்படுத்திவிட்டால், அடுத்த ஆண்டு அதே பருவத்திலும் அந்த ஸ்லாட் அதற்கே. அனுபவப் பாத்தியதை என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, ஸ்லாட் பறிபோகும் என்ற அச்சத்தில் காலி இருக்கைகளோடு விமானங்கள் பறந்தன. அந்த மாதமே ஐரோப்பிய ஒன்றியம் விதியை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ஸ்லாட் மட்டும் போதாது; நெடுந்தூர விமானத்தை நிரப்ப, பக்கத்து ஊர்களிலிருந்து பயணிகள் வந்து சேர வேண்டும். 2012இல் பிஎம்ஐ விமான நிறுவனத்தை வாங்கியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரப்பு சில ஸ்லாட்டுகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவற்றைக் கொண்டு மான்செஸ்டர், எடின்பரோ, அபர்டீன் நகரங்களுக்கு ‘லிட்டில் ரெட்’ சேவையை விர்ஜின் 2013இல் தொடங்கியது. குறிப்பிட்ட வழித்தடங்களுக்கென்று தரப்பட்ட ஸ்லாட்டுகள் அவை. விரும்பிய ஊருக்கு மாற்ற முடியாது. இணைப்புப் பயணிகள் போதிய அளவு வரவில்லை. 2015இல் சேவை நின்றது.

2025 ஜனவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதைக்கு ஆதரவு தெரிவித்தார். கட்டட்டும். ஆனால் புதிய ஸ்லாட்டுகள் எப்படிப் பங்கிடப்படும்? இப்போதைய விதி பாதியைப் புதிதாக வருபவர்களுக்கு ஒதுக்குகிறது. அவர்களோ அந்த விமான நிலையத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க ஸ்லாட்டுகள் மட்டும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு விர்ஜின் பெரிது. பிரிட்டிஷ் ஏர்வேஸோடு மல்லுக்கட்டவோ சிறிது. வலுவான இரண்டாவது போட்டியாளர் உருவாக விதியிலேயே வழியில்லை. விளைவாகக் கூடுதல் கட்டணம் கொடுப்பவர் பயணிதான்.

இந்த ஓடுபாதைக்காக லாங்ஃபோர்டு, ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமங்களில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிபடும். குடும்பங்கள் ஊரை விட்டுப் பெயர்ந்து உருவாகும் ஸ்லாட்டுகள் பழைய விகிதத்திலேயே பிரிந்து போகக் கூடாது. முதல் வீட்டை இடிப்பதற்கு முன்பே பிரிட்டன் அரசு இந்தப் பங்கீட்டு விதியைத் திருத்த வேண்டும்.