குரலுக்கு உரியாள் எங்கே?

1964-ஆம் ஆண்டில் ஆலிவுட்டில் உருவான ‘மை பேர் இலேடி’ என்னும் திரைப்படத்தைப் பற்றிய சொற்போர் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ‘என் எழில் நங்கை’ என்று தமிழில் வழங்கத்தக்க பெயருடைய அப்படம், மேடையில் பெரும்புகழ் ஈட்டிய இசைநாடகம் ஒன்றின் திரைவடிவம். அறுபது ஆண்டுகள் கடந்தும் அதன் சுவைஞர்கள் இரு பாசறைகளாகப் பிரிந்து நிற்கின்றனர். மேடையில் கதைத்தலைவியாக நடித்துப் பாடிய சூலி ஆண்ட்ரூசையே திரையிலும் அமர்த்தியிருக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். ஆட்ரி எப்பர்னின் அழகும் நடிப்பும் இல்லையேல் அப்படமே இல்லை என்பார் மற்றொரு சாரார்.

இரு சாராரும் உரக்கப் பேசுகின்றனர். இரு சாராரும் உண்மையான குற்றத்தைத் தொடாமலே பேசுகின்றனர். அவளா இவளா என்று பூசலிடும் இவர்கள் நடுவே மூன்றாம் ஒருத்தி நிற்கின்றாள். அவள் பாடினாள், உலகம் கேட்டது, படத்தின் பெயர்ப்பட்டியலிலோ அவள் பெயர் இல்லை. மார்னி நிக்சன் என்பது அப்பெயர்.

குற்றத்தின் அளவை உணரவேண்டுமாயின், முதற்கண் கதையின் வேரை அறிதல் வேண்டும். அயர்லாந்தில் பிறந்த நாடக ஆசிரியர் பெர்னாட்சா 1912-இல் எழுதிய ‘பிக்மேலியன்’ என்னும் நாடகமே இதற்கு முதல்நூல். இலண்டன் தெருவில் பூ விற்கும் ஏழைப்பெண் எலைசா. அவள் கொச்சைப் பேச்சைக் கேட்டு எள்ளி நகையாடும் ஒலியியல் பேராசிரியர் இக்கின்சு, ஆறே திங்களில் அவளை உயர்குடிப் பெருமாட்டி போலப் பேசவைத்துக் காட்டுவதாகச் சூளுரைக்கின்றார். சொன்னவாறே வெற்றியும் பெறுகின்றார். ஆனால், அவ்வெற்றியைப் பற்றிப் பெருமை பேசும் ஆடவர் இருவர்க்கும், இரவு பகலாக உழைத்த அப்பெண்ணை ஒரு சொல்லேனும் பாராட்டத் தோன்றவில்லை. அவள் வெகுண்டெழுகின்றாள். பேச்சின் ஒலியைக் கொண்டே மாந்தரை மேல் என்றும் கீழ் என்றும் பிரித்து வைத்த ஆங்கிலக் குமுகாயத்தின் பொய்ம்மையைப் பெர்னாட்சா இவ்வாறு கிழித்துக் காட்டினார். ஒருத்தியின் உழைப்பை உறிஞ்சிக்கொண்டு அவளையே மறந்துவிடும் ஆணவத்தையும் உடன் கிழித்துக் காட்டினார்.

தம் நாடகத்தை இசைநாடகமாக்க அவர் உயிரோடிருந்தவரை இசையவில்லை. 1950-இல் அவர் மறைந்த பின்னரே ஆலன் சே இலெர்னரும் பிரெடரிக்கு இலோவும் அப்பணியை நிறைவேற்றினர். 1956 மார்ச்சு 15-ஆம் நாள் நியூயார்க்கில் அந்நாடகம் மேடையேறியது. இக்கின்சாக இரெக்சு ஆரிசன். எலைசாவாக இருபதே அகவை நிரம்பிய சூலி ஆண்ட்ரூசு. 1962 வரை 2,717 முறை அது தொடர்ந்து நடைபெற்றது. அவ்வாண்டுகளில் அம்மேடையில் ஏறிய எலைசா ஒவ்வொருத்தியும் தன் தொண்டையாலேயே பாடினாள். மேடையின் அறம் அது. அங்கே இரவலுக்கு இடமில்லை.

திரைக்கு வந்தபோதுதான் வணிகம் புகுந்தது. படமாக்கும் உரிமைக்கு மட்டும் வார்னர் நிறுவனம் 55 இலக்கம் தாலர் கொடுத்தது. அத்துணைப் பணம் இறைத்த முதலாளி சாக்கு வார்னர்க்கு, அதுவரை ஒரு திரைப்படத்திலும் தோன்றாத சூலி ஆண்ட்ரூசின் மேல் நம்பிக்கை இல்லை. ஊரறிந்த முகம் வேண்டும் என்றார். 10 இலக்கம் தாலர் ஊதியத்தில் ஆட்ரி எப்பர்ன் அமர்த்தப்பட்டார். எப்பர்ன் இசை பயின்றார். பாடல்களைத் தம் குரலில் பதிவும் செய்தார். தம் குரலே படத்தில் ஒலிக்கும் என்று நம்பி அவர் உழைத்தார். முடிவில் அப்பதிவுகளுள் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மார்னி நிக்சனைப் பாடவைத்துச் சேர்த்தனர். சினத்தோடு பாடும் ஒரு பாடலின் பகுதியும், இன்னும் சில துணுக்குகளுமே எப்பர்னுடையவையாக எஞ்சின.

இங்கே ஊன்றிக் காணத்தக்கது ஒன்றுண்டு. இரெக்சு ஆரிசன் பாடகர் அல்லர். அவர் பாடல்களைப் பாதி பேசியும் பாதி இசைத்தும் கூறுபவர். முன்னரே பதிவு செய்த ஒலிக்கு வாயசைக்க அவர் மறுத்துவிட்டார். உடனே என்ன செய்தனர்? அவர் கழுத்துப்பட்டைக்குள் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தி, படப்பிடிப்பு நடக்கும்போதே அவர் குரலை உயிரோடு பிடித்தனர். பாடத் தெரியாத ஆடவனின் குரலைக் காக்க நுட்பம் முழுவதும் கைகட்டி நின்றது. பாடிப் பழகிய பெண்ணின் குரலோ குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. பாடிக் கொடுத்த மற்றொரு பெண்ணின் பெயர் இருட்டுக்குப் போயிற்று. எலைசாவை மறந்து தம்முள் பாராட்டிக்கொண்ட அவ்விரு ஆடவரின் ஆணவம், கதையினின்று இறங்கிவந்து படப்பிடிப்புக் கூடத்திலேயே குடியேறிவிட்டது என்று சொல்வதில் பிழை என்ன?

நிக்சனுக்கு இது முதன்முறையன்று. 1956-இல் ‘மன்னனும் நானும்’ என்னும் படத்தில் டெபரா கெர்ருக்கும், 1961-இல் ‘மேற்குப்புறக் கதை’ என்னும் படத்தில் நதாலி வுட்டுக்கும் அவரே பாடினார். அவ்விரு படங்களும் மேடை இசைநாடகங்களிலிருந்து பிறந்தவையே. இரண்டிலும் அவர் பெயர் காட்டப்படவில்லை. இரண்டாம் படத்தின் இசைத்தட்டு வருவாயில் அவர் பங்கு கேட்டபோது, இசையமைத்த இலியோனார்டு பெர்ன்சுடீன் தம் பங்கிலிருந்து நூற்றில் காற்பங்கை விட்டுக்கொடுத்தார். ஒருவரின் பெருந்தன்மையால் கிடைத்ததே தவிர, உரிமையால் கிடைத்ததன்று அது. இதினும் கொடிது ஒன்று: எலைசாவாக மேடையில் நடிக்கவும் வல்லவர் நிக்சன். 1964-இல் நியூயார்க்கில் அந்நாடகம் மீண்டும் அரங்கேறியபோது அவரே எலைசா. ஆக, நடிக்கவும் பாடவும் தெரிந்த ஒருத்தியைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அவள் தொண்டையை மட்டும் திரைக்கு முன்னால் கொண்டுவந்தனர்.

‘எட்டு ஆசுகர் பரிசுகள் பெற்ற படத்தைக் குறை சொல்வதா?’ என்று எப்பர்ன் சாரார் சீறுவர். பெற்றது மெய்தான். 1965-இல் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என எட்டுப் பரிசுகள் வந்தன. அவ்வெட்டனுள் ஒன்று சிறந்த ஒலிக்கான பரிசு! ஒலிக்குப் பரிசு, ஒலித்தவளுக்கு ஒரு வரிப் பெயரும் இல்லை. இதைவிடக் கூரிய எள்ளலைப் பெர்னாட்சாவே எழுதியிருக்க மாட்டார். எப்பர்னோ சிறந்த நடிகைக்கான பட்டியலில் இடம்பெறவும் இல்லை. இரவல் குரலே அதற்குக் கரணியம் என்று அப்போதே பலர் கூறினர். அப்பரிசை ‘மேரி பாப்பின்சு’ படத்திற்காகப் பெற்றவர் சூலி ஆண்ட்ரூசு. பொய் முகத்திற்கும் பயன்படவில்லை, குரலுக்கும் பயன்படவில்லை. முதலாளியின் பெட்டிக்கு மட்டுமே பயன்பட்டது.

‘தமிழ்த் திரையிலும் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடுவதில்லையா?’ என்று வினவுவாரும் உளர். வினவத்தக்கதே. ஆனால், தமிழ்த் திரையில் பின்னணிப் பாடகர்க்குப் பெயருண்டு, புகழுண்டு. சௌந்தரராசன் பாடினார், சுசீலா பாடினார் என்று வானொலி அறிவித்தது, பட்டிதொட்டியெல்லாம் அறிந்தது. கடன் கொடுத்தவரை ஊரறிய வணங்கிக் கடன் வாங்குவது வேறு. கொடுத்தவர் வாயைப் பொத்திவிட்டுத் தன் உடைமைபோல் காட்டுவது வேறு. முன்னது கூட்டுழைப்பு; பின்னது களவு. இரவல் குரல் குற்றமன்று. மறைப்பே குற்றம்.

கதையின் முடிவிலும் எலைசாவின் சொல் பறிக்கப்பட்டதே என்று வருந்துவோர் சுவைஞருள் உண்டு. அவ்வருத்தம் முறையானதே. எலைசா இக்கின்சை மணக்கவில்லை என்று பெர்னாட்சா 1916-இல் பின்னுரை எழுதி வரையறுத்தார். இசைநாடகமோ அவளை இக்கின்சின் வீட்டுக்கே திரும்பி வரவைத்தது; திரைப்படமும் அவ்வாறே செய்து, வந்தவளிடம் காலணி எங்கே என்று அவரைக் கேட்கவும் வைத்தது. 2018-இல் நியூயார்க்கில் மீண்டும் அரங்கேறியபோதுதான் எலைசா அவரை விட்டு நீங்கி நடந்தாள். மேடை தன் பிழையைத் திருத்திக்கொள்ளும். நாள்தோறும் புதிதாய்ப் பிறப்பது அது. திரையோ செய்த பிழையை அப்படியே உறையவைத்துவிடும். ஆகவேதான் திரைக்கு வரும் பொழுது இருமடங்கு விழிப்பு வேண்டும்.

வேறு வழியும் உண்டு என்பதைப் பின்வந்தோர் காட்டியுள்ளனர். 2012-இல் வெளிவந்த ‘இலே மிசராபில்’ இசைநாடகத் திரைப்படத்தில் நடிகர் அனைவரும் படப்பிடிப்பின்போதே தம் குரலில் பாடினர். இரசல் குரோவின் பாட்டு நன்றாயில்லை என்று சுவைஞர்கள் இன்றும் குறை கூறுகின்றனர். கூறட்டும்! குறையுள்ள சொந்தக் குரலைக் குறை சொல்லலாம். அதற்கு உரியவன் நின்று விடை சொல்வான். குறையற்ற இரவல் குரலுக்கு விடை சொல்ல எவர் உளர்?

இது பழங்கதையன்று. இற்றை நாளில் ஒருவர் குரலைப் பொறியே படியெடுத்துப் பேசவும் பாடவும் வல்லதாயிற்று. 1964-இல் ஒருத்தியின் குரலைப் பெற அவளை அழைத்துப் பாடச் சொல்லவாவது வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டா. 2023-இல் அமெரிக்க நடிகர்கள் நான்கு திங்களுக்கு அண்மையாக வேலைநிறுத்தம் செய்தபோது, தம் உருவையும் குரலையும் இசைவின்றிப் பொறி எடுத்தாளக் கூடாது என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அன்று நிக்சனின் பெயரை மறைத்ததை ‘திரைத்தொழிலின் வழக்கம்’ என்று சிரித்து ஒதுக்கியவர்களே இன்றைய கொள்ளைக்கு வாயிலைத் திறந்துவைத்தவர்கள்.

ஆட்ரியா, சூலியா என்னும் வழக்கை இனியேனும் சுவைஞர்கள் கைவிடுக. ஆட்ரி வஞ்சிக்கப்பட்டார், சூலி ஒதுக்கப்பட்டார், நிக்சன் மறைக்கப்பட்டார். மூவர்க்கும் தீங்கிழைத்தது ஒரே கை. 2016-இல் நிக்சன் அம்மையார் மறைந்தார். அவர் குரல் மறையவில்லை. அப்படம் ஓடுமிடமெல்லாம் ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. அதனைக் கேட்பவர் ஒவ்வொருவரும், அருகிலிருப்பவரிடம் அப்பெயரை வாய்விட்டுச் சொல்லுக. படத்தை ஆக்கியவர்கள் எழுதாமல் விட்ட வரியைக் கேட்பவர் நாவேனும் எழுதட்டும்.