மொட்டைமாடியோடு நின்றுவிடும் வேலை

மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை திருச்சியில் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி மாலை நான்கு வரை நீள்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்ட வீட்டுக்காரர், ஃபேன் நின்றதும் நமக்குத்தான் போன் செய்கிறார்: "இவ்வளவு பணம் போட்டும் கரண்ட் இல்லையே சார்?" லைனில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிரைக் காக்க, கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றாக வேண்டும். இது நமக்குத் தெரியும். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நம்மில் பலர் சொல்வதில்லை. தேரோட்டத்துக்காக ஸ்ரீரங்கத்து வீதிகளில் மின்சாரத்தை நிறுத்தும்போதும் இதே கதைதான்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் நம் தொழிலுக்கு நல்லது செய்திருக்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். ஆனால் மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. ஆகவே பேனலை மாட்டி, நெட் மீட்டர் வந்ததும் வேலை முடிந்தது என்று இறங்கிவிடுகிறோம். மாடிக்குக் கீழே இருக்கும் வயரிங்கை யாரும் தொடுவதில்லை. அடுத்த பத்தாண்டு வேலை அங்கேதான் இருக்கிறது என்பது இந்த இதழின் கருத்து.

வீட்டுக்குள் இன்று ஓடுவதைப் பாருங்கள். எல்இடி விளக்கு, பிஎல்டிசி ஃபேன், வைஃபை, செல்போன், லேப்டாப் எல்லாமே உள்ளுக்குள் டிசியில்தான் இயங்குகின்றன. பேனல் தருவதும் டிசி. நடுவில் அதை ஏசியாக்கி, ஒவ்வொரு கருவியிலும் மறுபடி டிசியாக்குகிறோம். மாற்றும் இடமெல்லாம் சூடாக வீணாகிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுத்தது, பிஎல்டிசி 30 வாட் சுமாரில் சுற்றுகிறது. லோடு இப்படிச் சுருங்கிய பிறகு, சிறிய பேட்டரியே ஒரு வீட்டின் விளக்கையும் ஃபேனையும் தாங்கும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இதைத்தான் 48 வோல்ட் டிசியில் செய்துகாட்டியது. ராஜஸ்தானில் கிரிட் போகாத பாலைவன வீடுகளில் 125 வாட் பேனலும் 1 யூனிட் பேட்டரியும் வைத்தே ஓட்டினார்கள். 2017-இல் ஐஎஸ் 16711 என்று இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது.

ஏன் 48, பழக்கமான 12 வோல்ட் போதாதா? ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகள் பதில் சொல்லும். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அகலம் குறைவு, நீளம் அதிகம்: ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லை வரை போகிறது. 30 மீட்டர் தள்ளி 100 வாட் லோடு என்று வையுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் போக வர மின்தடை சுமார் 0.73 ஓம். 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் ஓடி, 6 வோல்ட் வழியிலேயே போய்விடும், பாதி! 48 வோல்ட்டில் 2.1 ஆம்பியர்தான், இழப்பு 1.5 வோல்ட், அதாவது 3 சதவீதம். கம்பி கடையில் கிடைக்கும் அதே கம்பி.

48 வோல்ட்டில் ஷாக் பயம் மிகக் குறைவு. தீ பயம் அப்படியல்ல. பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைகிறது; டிசியில் அந்தச் சலுகை கிடையாது. சில நூறு வோல்ட் ஓடும் பேனல் பக்கத்தில் சாதாரண ஏசி எம்சிபி போடுவதை இன்னும் பார்க்கிறோம். இது அறியாமை அல்ல, கஞ்சத்தனம். பேட்டரியை மாடியில் தகரக் கொட்டகையில் வைப்பதும் வேண்டாம். திருச்சி மே மாத வெயிலை அது தாங்காது. ஏசி கம்பியும் டிசி கம்பியும் ஒரே பைப்பில் போகக் கூடாது. பிளக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாததாக இருக்கட்டும்.

புதுக் குடியிருப்புகளில் சுவிட்ச் பாக்ஸிலேயே யுஎஸ்பி சார்ஜரைப் பதிக்கும் மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பதித்த 2.1 ஆம்பியர் சாக்கெட்டுகள் இன்றைய போனுக்கே போதவில்லை. இப்போது டைப்-சி பொது வாயாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்குக் கட்டாயமாக்கியது, நம் நாட்டுத் தர நிர்ணயமும் அதையே ஏற்றிருக்கிறது. 2021-இல் அதன் உச்ச அளவு 240 வாட்டாக உயர்ந்தது: 48 வோல்ட், 5 ஆம்பியர். மறுபடி அதே 48. சுவர் நாற்பது ஆண்டு நிற்கும், சார்ஜர் ஐந்து ஆண்டில் பழசாகும். சுவருக்குள் கம்பியைப் பதியுங்கள். சார்ஜரைக் கழற்றி மாற்றும்படி வெளியே வையுங்கள்.

கிரைண்டரும் ஏசியும் மோட்டாரும் 230 வோல்ட்டிலேயே இருக்கட்டும். இன்றே பழைய வீடுகளின் சுவரை உடைக்கச் சொல்லவில்லை. அடுத்த புது வீட்டுக்கு எஸ்டிமேட் போடும்போது விளக்கு, ஃபேன், சார்ஜிங் மூன்றுக்கும் தனி பைப் ஒன்றும், டிபி அருகே பேட்டரிக்குக் காற்றோட்டமான இடமும் சேர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே டிசி லைன் போட்டு ஓட்டுபவர்கள் வரைபடத்தையும் ஓராண்டு அனுபவத்தையும் இதழுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.