திருமயம் டூ முக்திநாத்: 175 கி.மீ போக ஏன் ஒரு நாள் ஆகுது? நேபாள மலைப்பாதையில் கவனிக்க வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும், நேபாளத்தின் முக்திநாத்தும் 108 திவ்ய தேசங்களில் வருபவை. திருச்சாளக்கிராமம் என்று பக்தர்கள் சொல்லும் முக்திநாத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து குழுவாகப் போகிறவர்கள் பலர். அதில் வயதானவர்களே அதிகம். ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து வேன் பிடித்து, சுனௌலி எல்லையைத் தாண்டுவது வழக்கமான ரூட். அதற்குப் பிறகுதான் சவாலே ஆரம்பம்.

உயரம் எப்படி மாறுது?

சுனௌலி கிட்டத்தட்ட நம்ம புதுக்கோட்டை மாதிரிதான், கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். புட்வல் வரை வயல்வெளி. அதைத் தாண்டியதும் மலை. பொக்காரா சுமார் 820 மீட்டர். ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல், அதாவது நம்ம தொட்டபெட்டாவை விட உயரம். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல்.

பொக்காராவிலிருந்து முக்திநாத் சுமார் 175 கி.மீ. புதுக்கோட்டை - சென்னை தூரத்தில் பாதி கூட இல்லை. ஆனால் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். மண் சரிந்தால் கணக்கே கிடையாது.

ஏன் இவ்வளவு சிரமம்?

பேனியைத் தாண்டியதும் சாலை காளி கண்டகி ஆற்றைப் பிடித்தே போகிறது. ஒரு பக்கம் தவளகிரி (8,167 மீ), மறுபக்கம் அன்னபூர்ணா (8,091 மீ). இமயமலை இன்னமும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. பாறைகள் நொறுங்கிக் கிடக்கின்றன, ஆறு அடிவாரத்தை அரிக்கிறது, சாலைக்காகச் சரிவையும் வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் மண் நிற்காது.

இந்த ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடல் உயிரினத்தின் புதைபடிவம். இமயமலை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்ததற்கு அதுவே சாட்சி.

ஜோம்சோம் பக்கம் காட்சியே வேற. மூணாறு நனையும்போது மறையூர் காய்வதுபோல, அன்னபூர்ணா மழையைத் தடுத்துவிடுகிறது. பொக்காரா அருகே லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மி.மீ மழை; ஜோம்சோமில் 300 மி.மீ-கூட தேறாது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசும். அதனால் விமானங்கள் காலையில்தான்.

ஆபத்து எப்போது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. 2024 ஜூலையில் சிமல்தால் பகுதியில் நிலச்சரிவு 2 பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அவற்றில் 60 பேருக்கு மேல் இருந்தனர். அடுத்த மாதமே, பொக்காராவிலிருந்து காத்மாண்டு சென்ற இந்தியப் பேருந்து மார்சியாங்டி ஆற்றங்கரையில் கவிழ்ந்து மகாராஷ்டிரப் பக்தர்கள் உட்பட 27 பேர் உயிரிழந்தனர். முக்திநாத் போய்விட்டுக் காத்மாண்டு திரும்புகிறவர்கள் பயன்படுத்தும் சாலை அது.

போகிறவர்கள் என்ன செய்யணும்?

* மார்ச் - மே, அக்டோபர் - நவம்பர் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.
* பொக்காராவில் கிளம்பி ஒரே மூச்சில் மேலே போகாதீர்கள். ஜோம்சோமில் ஓர் இரவு தங்குங்கள். முக்திநாத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே கீழே இறங்குவதே மருந்து.
* இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.
* பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.
* இரவுப் பயணம் வேண்டாம். 'மூணே நாளில் முக்திநாத்' என்று பேக்கேஜ் சொன்னால், மழைக்கும் மண் சரிவுக்கும் கூடுதலாக ஒரு நாளாவது வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.