பணம் கட்டினால் கடல் கட்டுப்படுமா?

மழைக்காலம் ஓய்ந்ததும் ஔந்த், பாணேர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொங்கணக் கடற்கரை மீது ஆசை பிறந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவு வேன் ஏறுகிறார்கள். மறுநாள் காலை, வழிகாட்டி ஒருவருடன் 'கயாக்' என்னும் சிறு துடுப்புப் படகில் கடலில் இறங்குகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எத்தனை மணிக்குக் கரை திரும்புவீர்கள், அதை யாரிடம் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் வழிகாட்டி பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள்.

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் எட்டு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும் இப்படித்தான் நம்பிப் போனார்கள். உடன் இரண்டு பயிற்சியாளர்கள் இருந்தார்கள். காற்று படகுகளைக் கடலுக்குள் தள்ளியது. உதவி கேட்டு விட ஓர் ஆபத்து வாணம்கூடக் கையில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியவர்களைக் காணோம் என்ற செய்தி கடலோரக் காவலுக்குப் போய்ச் சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. நான்கு மாணவர்கள் மாண்டனர். நிறுவனமும் அதன் நிர்வாகியும் தண்டிக்கப்பட்டனர். 1995-ல் தனிச் சட்டமும் வந்தது. எல்லாம் பிறகுதான்!

நம் பக்கமும் பாடங்களுக்குக் குறைவில்லை. 2016 பிப்ரவரியில் முருட் கடற்கரைக்குச் சுற்றுலா போன புணே கல்லூரி மாணவர்கள் 14 பேர் மூழ்கினர். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில், குழுவாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டுத் தீ கொண்டுபோயிற்று.

கடலில் முதலில் கவனிக்க வேண்டியது காற்று. நாகப்பட்டினத்துக்காரருக்குக் கொண்டல் காற்று கரைக்குத் தள்ளும் காற்று. கொங்கணத்திலோ அதே கீழ்க்காற்று நடுக்கடலுக்குத் தள்ளும். குளிர்கால விடியலில் அது மெல்ல வீசும்போது கரையோரம் குளம்போல அடங்கிக் கிடக்கும். துடுப்புப் போடாமலே படகு போகும். கை வலிப்பது திரும்பும்போதுதான். ஊரில் கடல் பார்த்து வளர்ந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.

ஆகவே, புறப்படுமுன் வழிகாட்டியிடம் நாலு கேள்வி கேட்பதில் வெட்கமில்லை. படகு கவிழ்ந்தால் ஏறுவது எப்படி என்று ஆழமற்ற நீரில் ஒருமுறை கவிழ்த்துக் காட்டுவாரா? அவருக்கே மயக்கம் வந்தால் அடுத்தவர் யார்? மிதவைச் சட்டை உடம்போடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா? அதில் ஒரு விசில் தொங்கட்டும். கைபேசி நீர் புகாத உறையில் கழுத்தில் இருக்கட்டும். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கிற வழிகாட்டியானால், கட்டிய முன்பணத்தை மறந்துவிட்டுக் கரையில் சுண்டல் தின்னலாம்.

இன்னொன்று, ஒரு காசு செலவில்லாதது. எந்தக் கரை, எத்தனை பேர், படகின் நிறம், திரும்பும் நேரம் ஆகியவற்றைத் துண்டுத்தாளில் எழுதி, ஔந்தில் வீட்டிலிருக்கும் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு மாமாவிடமோ கொடுத்துவிட்டுப் போகலாம். குறித்த நேரம் தாண்டி ஒரு மணி ஆகியும் போன் வராவிட்டால், அவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைச் சுழற்ற வேண்டும். அந்த எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.